எல்லாக் கூறும் மூலை வீட்டுக்கு

ராயப்பேட்டையில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ வரும், கார் வராது. கார் வருகிற அகலம் இருந்திருந்தால் இந்நேரம் இடித்து ஃப்ளாட் கட்டியிருப்பார்கள், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரிந்திருக்காது. இப்போது தெரிகிறது. சில நாள் தேவைக்கு மேலேயே தெரிகிறது. யார் வீட்டில் என்ன சண்டை, யார் வீட்டுப் பையன் அரியர் வைத்திருக்கிறான், எல்லாம் சந்துக்கே அத்துப்படி. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பிவிட்டால் இது பட்டணமே இல்லை, ஒரு சின்ன ஊர். எனக்கு அது பிடிக்கும்.

அந்த ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மீன். மாடி வீட்டில் இருக்கும் ஆட்டோக்காரத் தம்பி இருட்டோடு நொச்சிக்குப்பம் போய், கரையில் ஒரு கூடையை மொத்தமாக எடுத்து வந்துவிடும். அடி பம்புக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாயை விரித்து மீனைக் கொட்டுவோம். பெரிசும் சிறிசும் கலந்து வீட்டுக்கு ஒன்றாகக் கூறு கட்டுவோம். எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பிரித்தாலும் ஒரு கூறு கொழுத்துத் தெரியும், ஒன்று நோஞ்சானாகக் கிடக்கும். இதை வைத்துச் சண்டை வரக்கூடாது என்பதற்காகத்தான் கூறு சொல்கிற வழக்கம். ஒருவர் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்காருவார், மீன் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஆட்டோக்காரத் தம்பி விளக்குமாற்றுக் குச்சியால் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்கும். உட்கார்ந்திருப்பவர் ஒரு வீட்டைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

கூறு சொல்கிறவர் என் வீட்டுக்காரர்.

அவரிடம் அந்த வேலை வந்ததற்குக் காரணம் அவர் தொண்டை. பிரஸ்ஸில் மிஷின் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, இங்கே பேசினால் மெயின் ரோட்டு டீக்கடையில் கேட்கும். ஆறு நாள் பைண்டிங் வேலையில் கூனிக்கிடந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஆளே மாறிவிடுவார். சட்டென்று சொல்ல மாட்டார். இருமுவார், தலையைச் சொறிவார். "இது கவர்னர் வீட்டுக்கு" என்பார். பிள்ளைகள் எல்லாம் "கவர்னர் வூடு இங்க இல்ல" என்று கத்துவார்கள். "அப்ப டைலர் வீடு" என்பார். ஒரு கூடை மீனைப் பிரிக்க அரைமணி ஆகும். எனக்கு அடுப்பில் வேலை கிடக்கும், எரிச்சலாக வரும், ஆனாலும் நின்று பார்ப்பேன்.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு. டைலர் வீடு என்றார், அயர்ன் வண்டி வீடு என்றார், அடுத்ததற்கு மூலை வீடு என்றார். சந்து முனையில் வாசலிலேயே இட்லிக் கடை போடுகிறவள் வீடு அது. அவள் வந்து சட்டியில் அள்ளிக்கொண்டாள். தம்பி அடுத்த கூறைத் தொட்டது.

"இது யாருக்கு?"

"மூலை வீடு."

எல்லாரும் சிரித்தோம். தம்பி அதற்கடுத்த கூறைத் தொட்டது. மறுபடியும் மூலை வீடு. "இன்னாண்ணே, மூலை வூட்ல இன்னிக்கி நிச்சயதார்த்தமா?" என்று யாரோ கேட்டார்கள். அடுத்ததற்கும் அதேதான். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். "காலையிலயே ஆரம்பிச்சுட்டாரு" என்று நான்கூடச் சொன்னேன். வேறு எந்தத் தெருவிலாவது ஒரு ஆள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் என்னமோ ஏதோ என்று ஓடிவருவார்கள். நாங்கள் அவர் விளையாட்டுக்குப் பழகிப்போனவர்கள், அதனால் சிரித்துக்கொண்டே நின்றோம். தொடையில் இருந்த வலது கை வழுக்கித் தொங்கியதை மூலை வீட்டுக்காரிதான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில்தான் ஓடினோம்.

பக்கவாதம். மீன் கூடை வந்த அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கத்திலேயே இருந்ததால் ஆள் தப்பினார். வலது கால் மெல்ல மெல்ல ஓரளவுக்குத் தேறியது, வலது கை தேறவில்லை. பேச்சும் வரவில்லை. வரவில்லை என்று சொல்வதும் தப்பு, ஒன்றே ஒன்று வந்தது. தண்ணீர் வேண்டுமானாலும் "மூலை வீடு", கால் வலித்தாலும் "மூலை வீடு", ஃபேனைக் குறைக்கச் சொல்வதற்கும் "மூலை வீடு".

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பொறுமையாகச் சொன்னாள். "அவருக்கு எல்லாம் புரியுதும்மா. வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கு, எடுக்கத்தான் முடியல. சில பேருக்கு இப்படி ஒரே வார்த்தை மாட்டிக்கும். அவரு வேணும்னு சொல்லல."

எனக்கு அது மூளைக்குப் புரிந்தது, மனசுக்குப் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஆளோடு கிடக்கிறேன். சோறாக்கிப் போட்டேன், புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் குடும்பத்தை ஓட்டினேன், இப்போது கக்கூஸுக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறேன். அந்த மண்டைக்குள் மிஞ்சியது மூலை வீடா? ஒரு நாள் கேட்டேவிட்டேன். "என் பேரு ஒண்ணு இருக்கே, அது எங்க போச்சு உங்களுக்கு?" என்று. அவர் என்னையே பார்த்தார். வாயைத் திறந்தார், உதடு என்னென்னவோ செய்தது, கடைசியில் அதே மூலை வீடுதான் வந்தது. உடனே அவர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆனால் எனக்கு அதைவிடப் பொறுக்காதது ஒன்று இருந்தது. பார்க்க வருகிறவர்கள் அவர் எதிரிலேயே நின்றுகொண்டு என்னைக் கேட்பார்கள். "எப்படி இருக்காரு? சாப்புடுறாரா? தூங்குறாரா?" ஆள் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேட்க வேண்டியதுதானே? பேச்சு போனால் ஆளே போய்விட்டதாகக் கணக்கு. கொஞ்ச நாளில் அவரும் அப்படியே நம்ப ஆரம்பித்துவிட்டார். யாராவது வருகிற சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தையும் போய்விட்டால் மனுஷன் மொத்தமாக உள்ளே போய்விடுவார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயிற்சிப் பெண்ணிடம் போய் நின்றேன். "முன்னாடி அவரு எங்க ரொம்பப் பேசுவாரும்மா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை. எங்க சந்துல. கூறு சொல்லும்போது."

"அப்ப அங்க கூட்டிட்டுப் போங்க. தப்பா சொன்னா சொல்லட்டும், திருத்தாதீங்க. சொல்ல விடுங்க."

நல்ல யோசனைதான். ஆனால் சந்தில் மீனே இல்லை. அன்றைக்கு அவர் விழுந்ததோடு நின்றுபோனது. அன்றைய மீனை யாரும் தொடவில்லை, பூனைகள் தின்றன. அதற்கப்புறம் தார்ப்பாயை யாரும் விரிக்கவில்லை. சிலர் போனில் ஆர்டர் போட்டார்கள். சுத்தம் செய்து, டப்பாவில் அடைத்து, முகம் தெரியாத ஒரு பையன் வாசலில் வைத்துவிட்டுப் போனான். ஞாயிறு காலையில் சந்தே வெறிச்சென்று இருந்தது.

பொங்கல் முடிந்து மாசி பிறந்ததும் ஆட்டோக்காரத் தம்பியைப் பிடித்தேன். "வர்ற ஞாயித்துக்கிழமை கூடை எடுத்துட்டு வா. உங்க அண்ணன் கூறு சொல்வாரு."

தம்பி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தது. துணி அப்படியே நின்றது. "வேணாம்க்கா. அண்ணனுக்கு மறுபடியும் எதுனா ஆயிடுச்சுன்னா? வோணும்னா சீட்டுக் குலுக்கிப் பிரிச்சுக்கலாம். அண்ணன் சும்மா சேர்ல உக்காந்து பாக்கட்டும்."

"சும்மா உக்காந்து பாக்குறதுக்கு வீட்ல டிவி இருக்கு. கூடை எடுத்துட்டு வருவியா, இல்ல நானே பஸ்ஸு புடிச்சுப் போயி தலையில சொமந்துட்டு வரட்டுமா?"

நான் போவேன் என்று அதற்குத் தெரியும். சரி என்றது.

அடுத்து மூலை வீடு. அவள் இட்லிக் கடையைத் தவிர வெளியே தலைகாட்டுவதே இல்லை. நான் பம்புக்குப் போனால் அவள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நாங்கள் ஒன்றும் ஒட்டி உறவாடியவர்கள் இல்லை. தண்ணீர் லாரி வரிசையில் கெட்ட வார்த்தை வரைக்கும் போய், சாயங்காலமே வெற்றிலை கேட்டு வந்து நிற்கிற பழக்கம். ஆனால் இது சண்டை இல்லை, வேறு என்னமோ. போய்க் கதவைத் தட்டினேன்.

பாதிக் கதவைத்தான் திறந்தாள். "என் வூட்டுப் பேர சொல்லிகினேதான வுழுந்தாரு. ஜனங்க இன்னா பேசிக்குதோ. உன் மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அடிப்பாவி, உன் வீட்டுப் பேரைத்தான் நான் காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் கேட்டுட்டு இருக்கேன். எனக்கே இல்லாத வெக்கம் உனக்கு எதுக்கு? அன்னைக்கு நீ மட்டும் பாக்கலைன்னா நாங்க இன்னும் சிரிச்சுட்டே நின்னிருப்போம். ஞாயித்துக்கிழமை சட்டியோட வந்து நில்லு. அவ்வளவுதான் சொல்வேன்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிறு விடிந்தது. சங்கராவும் கானாங்கத்தையும் வந்திறங்கின. கூறு கட்டியாகிவிட்டது என்று தம்பி குரல் கொடுத்தது. நான் இவருக்குச் சட்டை மாட்டி, கையைப் பிடித்து எழுப்பி, வாசல்வரைக்கும் கொண்டுவந்தேன். வாசலில் இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்தேன். விடவில்லை. ஒரு கைதான் வேலை செய்கிறது, அதற்கு அவ்வளவு பலம். தலையை மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார்.

அவருக்கு எதற்குப் பயம் என்று எனக்குத் தெரியும். சொல்ல வந்தால் என்ன வரும் என்று அவருக்கும் தெரியும். ஊர் முன்னால் அது வரும். யாராவது சிரிப்பார்கள், சிரிக்காவிட்டால் உச்சுக்கொட்டுவார்கள்.

"இங்க பாருங்க," என்றேன். "வர்றது வரட்டும். அந்த ஒண்ணுதான் வரும்னா அதையே சொல்லுங்க. உள்ளயே சுவத்தைப் பாத்துட்டுத்தான் இருக்கப் போறீங்கன்னா நானும் உங்க பக்கத்துலயே உக்காந்துடறேன். தையல் மிஷினை வித்துடலாம். நீங்க இப்படிக் கிடக்குறதை என்னால பாக்க முடியல."

அவர் முன்னால் நான் அழுததில்லை, அன்று அழுதேன். அவர் என்னைப் பார்த்தபடியே நிலையிலிருந்து கையை எடுத்தார்.

ஸ்டூலில் உட்கார வைத்தேன். சந்து முழுக்க வந்திருந்தது, மூலை வீட்டுக்காரியும் கடைசியில் சட்டியோடு நின்றாள். தம்பி குச்சியால் ஒரு கூறைத் தொட்டது. "இது யாருக்குண்ணே?"

பின்னங்கழுத்தில் அவருக்கு வேர்த்திருந்தது.

"மூலை வீடு."

பழைய தொண்டை இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. மூலை வீட்டுக்காரி முன்னே வந்து, அள்ளிக்கொண்டு, பின்னால் போனாள். நான் மூச்சு விட்டேன். தம்பி அடுத்ததைத் தொட்டது.

"மூலை வீடு."

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரித்த பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள், நான் தலையசைத்தேன், வந்து அள்ளினாள். மூன்றாவதற்கும் அதேதான். பின்னாலிருந்து ஒருவர் மெதுவாக, "போதும்பா, மிச்சத்த நாமளே பிரிச்சுக்கலாம், அவர சிரமப்படுத்தாதீங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யாரும் மீன்ல கை வைக்கக் கூடாது. கூறு சொன்னா சொன்னதுதான், அதுதானே இங்க பேச்சு? அவரு சொல்லி முடிக்கட்டும். கேளு தம்பி."

தம்பி கேட்டது. அவர் சொன்னார். கேட்டது, சொன்னார். எல்லாம் ஒரே வீட்டுக்குப் போவது பாதியில் அவருக்கே தாங்கவில்லை, தோள் குலுங்க ஆரம்பித்தது. ஒரு கூறுக்கு வேறு எதையோ சொல்லத் துடித்தார். "மா... மா..." என்று வந்தது. மாடி வீடு என்று சொல்லப் பார்க்கிறார். வரவில்லை. மூலை வீடு என்று முடிந்தது. எழுந்து ஓடிவிடுவாரோ என்று நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஓடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். எங்கள் வீட்டுக் கூறையும் சேர்த்துக் கடைசிக் கூறுவரைக்கும் சொல்லி முடித்தார்.

தார்ப்பாய் காலி. மூலை வீட்டுக்காரியின் சட்டி நிரம்பி, வாளி நிரம்பி, இட்லி மாவுக் குண்டானும் நிரம்பியிருந்தது. எல்லாரும் வெறும் பாத்திரத்தோடு நின்றோம். என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, பிடிவாதமாக நின்றுவிட்டேனே தவிர அதற்கப்புறம் யோசிக்கவில்லை.

அவள் புடவையை இழுத்துச் சொருகினாள்.

"இன்னா எல்லாம் பாத்துகினு கீறீங்க? அண்ணன் சொல்லிட்டாரு, அத்தினியும் என்னுது. நான் ஒருத்தி இத்தினிய அறுக்க முடியுமா? ஆளுக்கொரு அருவாமனை எடுத்தாங்க. இன்னிக்கி எவ வூட்லயும் கொழம்பு கெடையாது. சோத்த மட்டும் ஆக்கிகினு இங்க வாங்க."

அப்புறம் ஸ்டூலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இவர்தான். சுவரைப் பார்த்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார். வார்த்தைதான் போயிருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது, மெயின் ரோடு வரைக்கும் கேட்கிற அதே சிரிப்பு. அதற்குப் பிறகுதான் சந்து சிரித்தது.

அன்றைக்கு மாதிரி ஒரு ஞாயிறு நான் பார்த்ததில்லை. பம்படியில் வரிசையாக அருவாமனை. செதில் பறந்து தலையெல்லாம் ஒட்டிக்கொண்டது. மூலை வீட்டுக்காரி இட்லிக் கடை அடுப்பில் பெரிய குண்டானை ஏற்றி, மாங்காயை வெட்டிப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றினாள். உப்புப் பார்க்க மட்டும் எத்தனை கை நீண்டது என்கிறீர்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சோறு வந்தது. ஒருவர் ரேஷன் அரிசி, ஒருவர் பொன்னி, டைலர் வீட்டில் பிரியாணிக்கு வைத்திருந்த பாஸ்மதியையே வடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டிக் கலந்தார்கள். பார்க்க என்னமோ போல இருந்தது, தின்ன நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் அவருக்கு நான்தான் ஊட்டுவேன். இடது கையால் சாப்பிடுவதைப் பிறர் பார்க்கக் கூடாது என்று அவருக்கு ஒரு வீம்பு. மூலை வீட்டுக்காரி தட்டை நேராக அவர் மடியில் வைத்தாள். நான் பக்கத்தில் போனேன், என்னைக் கையால் தள்ளினாள். "நீ போய்த் துன்னு. அண்ணே, எந்தக் கையால துன்னா இன்னா, வயித்துக்குத் தெரியவா போவுது?" அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாரும் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். இடது கையால் பிசைந்தார். சிந்தியது. சாப்பிட்டார்.

அன்று யாரும் என்னிடம் வந்து அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. அவரிடமே போய், "கொழம்பு எப்டி அண்ணே?" என்றார்கள். அவரும் பதில் சொன்னார். அவருக்கு இருப்பது ஒரே பதில்தான், அதையே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னார்.

வாரம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. ஒரு தடவை நடந்தது சரி. மறுபடியும் கூப்பிட்டால் வருவாரா, மறுபடியும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் நான் என்ன சொல்லி இழுப்பது? சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லித் தீர்த்தாகிவிட்டது, புதிதாக என்னிடம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பம்படியில் மூலை வீட்டுக்காரி, "நாளிக்கும் எனக்கேதான் வுழும்னு மொளகாத்தூள் அரைச்சு வெச்சுட்டேன்" என்றாள். இந்த முறை அவள் குடத்தை விட்டுவிட்டு ஓடவில்லை. நான் சிரித்து வைத்தேன்.

மறுநாள் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கூடை இன்னும் வரவில்லை, சந்தில் வெளிச்சமே சரியாக வரவில்லை. என் வீட்டுக்காரர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தது. நான் மாட்டிவிடாமல் தானே ஒற்றைக் கையால் சட்டை போட்டிருந்தார். ஒரு பட்டன் தள்ளிப்போய், ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் தொங்கியது. எவ்வளவு நேரமாக அதோடு மல்லுக்கட்டினாரோ தெரியாது. என்னைப் பார்த்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்கிற மாதிரி, "மூலை வீடு!" என்று அதட்டினார்.

நான் பட்டனைச் சரிசெய்யவில்லை. பாலை உள்ளே வைத்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி பம்படிக்குக் கிளம்பிவிட்ட அவருக்குப் பின்னாலேயே நடந்தேன்.